வீரம் விளைவது வாளிலா, வாயிலா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



 

இலக்கியத்தில் வீரம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தமிழாசிரியனிடம் இத்தலைப்பைத் தந்தால் அவன் சங்கப் பாடல்களில் தொடங்கிப் பரணியில் முடித்துக் கொண்டு இறங்கிவிடுவான் என்று செயலாளர் அவர்கள் எண்ணியிருக்கலாம். அப்படிச் செய்தால் உங்களுக்கும் எளிது, எனக்கும் எளிது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் இந்நாளில் வந்து விழும் அரை நிமிடக் காட்சிகளைப் பார்த்த பிறகு, வீரம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்னும் கேள்வியை எழுப்பாமல் இத்தலைப்பில் பேசுவது பொருத்தமன்று என்று தோன்றியது. குதிரை, வாள், முழங்கும் இசை, கீழே ஒரு பெயர். அவ்வளவுதான். ஒரு காட்சியில் முஸ்லிம் என்றாலே கொள்ளையிட வந்தவன். அதற்கு மறுமொழியாக வரும் மற்றொரு காட்சியில் வாளேந்திய நம்மவர் அனைவரும் மாவீரர். இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதை எடுத்துக்காட்ட, நமக்கு அண்மையிலுள்ள ஊர்களின் சான்றுகளையே துணையாகக் கொள்கிறேன்.

முதலில் தொல்காப்பியத்திடம் ஒன்று கேட்போம். போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறையை அந்நூல் ஆறு துறைகளாகக் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொணரத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இவ்வாறனுள் ஒன்றையேனும் வீரன் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் முன்பே மாண்டுவிட்டான். ஆறும் உயிரோடிருப்பவர்களின் செயல்கள். களத்தில் வீழ்ந்தவர் பலர். அவர்களுள் யாருக்குக் கல் தேடுவது என்று முடிவு செய்வது ஊர். ஆகவே வீரன் பாதியைச் செய்கிறான், மீதியை ஊர் செய்கிறது.

நம் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியும் அதை அடுத்த திருவண்ணாமலை, செங்கம் பகுதிகளும் நடுகற்கள் மிகுந்தவை. அவற்றுள் மன்னர்களுக்குரியவை அரிது. மாடு பிடிக்க வந்தவர்களைத் தடுத்து மாண்டவர், மாடு மீட்கச் சென்று மாண்டவர் ஆகியோருக்கே பெரும்பாலானவை. எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும்போது பட்ட ஒரு சேவகனுக்கு நடப்பட்டது அது. அதே கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்னும் அதன் பெயரும், இரண்டு கள்வரைக் கடித்துத் தன் தலைவனருகே அது காவல் நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரியின் சண்டைக்கோழி ஒன்றுக்கே கல் நட்டிருக்கிறார்கள். குகைத் தோழர்களோடு அவர்களின் நாயையும் குறிப்பிடும் கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதி வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இருக்கலாகாது. அந்த ஊர்களுக்கு எது தேவையாக இருந்ததோ அதையே அவை வீரமென்று கண்டன. மாடு வாழ்வாக இருந்தது. மாட்டைக் காத்தவன் வீரன்.

இன்னொன்றும் தொல்காப்பியத்தில் உண்டு. வீரத்திற்குரிய மெய்ப்பாடு பெருமிதம். அது நான்கினால் பிறக்கும் என்பது அந்நூலின் கொள்கை: கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை. நான்கில் ஒன்றே அச்சமின்மை. படித்தவனின் நிமிர்வும் கொடுத்தவனின் நிமிர்வும் வாள்வீரனின் நிமிர்வோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்நான்கையும் விட்டுவிட்டு வாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டது எப்போது என்பது தமிழர் வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. இன்று அதற்கு நேரமில்லை.

பெருமக்களே! நம் வட்டாரத்தில் வீரக் கதை என்றவுடன் முதியோர் நினைவுக்கு வருபவன் செஞ்சித் தேசிங்கு. பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைதோறும் விற்ற கதை அது. கதையை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் வரலாற்றைப் பாருங்கள். செஞ்சிக் கோட்டையை 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் அங்கே அடைபட்டிருக்க, முகலாயப் படை ஏறக்குறைய எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் கோட்டையைப் பிடித்தது. பின்னர் முகலாயரின் கோட்டைத் தலைவராக இருந்தவர் சுவரூப்சிங் என்னும் புந்தேல இராஜபுத்திரர். அவர் 1714இல் இறக்க, மகன் தேஜ்சிங் கோட்டைக்கு உரிமை கொண்டார். அவரே தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டார், இளைஞர் மறுத்தார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் போர் மூண்டது, அவர் வீழ்ந்தார். இருபத்திரண்டு வயது, ஓராண்டுகூட நிறையாத ஆட்சி. நிர்வாகக் கண்கொண்டு பார்த்தால், வரி நிலுவை செலுத்தாத ஓர் அதிகாரி மேலதிகாரியோடு மோதி மடிந்த நிகழ்ச்சி இது.

எட்டாண்டு முற்றுகையைப் பாடாத நாட்டுப்புறம் இந்தப் பத்து மாதத்தைப் பாடியது. ஏன்? இளமை ஒரு காரணம், தோல்வி மற்றொரு காரணம். வென்றவனுக்கு வரலாறு போதும், தோற்றவனுக்குப் பாட்டு வேண்டும். ஆயினும் என் கருத்தில் இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அது அவனுடைய தோழன்.

கதையில் வரும் அத்தோழன் முகமதுகான். பாமர மக்கள் வாய்மொழியில் மோவுத்துக்காரன். நிக்காஹ் நடக்கும் நேரத்தில் போர்ச் செய்தி வருகிறது. மணக்கோலத்தில் இருந்தவன் எழுந்து குதிரை ஏறி நண்பனிடம் செல்கிறான், களத்தில் மடிகிறான். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் அவனுடைய அடக்கத்தலம் என்று மக்கள் காட்டும் இடம் இன்றும் உண்டு. தேசிங்கின் குதிரையை அடக்கிய இடமென்றும் அவ்வூரிலேயே காட்டுவார்கள். தேசிங்கின் பகைவரான நவாபும் முஸ்லிம், உயிர் கொடுத்த நண்பனும் முஸ்லிம். மார்க்கத்தை அளவுகோலாகக் கொண்டு இக்கதையில் எவரும் கோடு கிழிக்க இயலாது. தேசிங்கு அரங்கநாதரை வணங்கிப் புறப்பட்டான், கான் அல்லாஹ்வை அழைத்துப் புறப்பட்டான். பாட்டுக்காரன் இருவரில் எவரையும் மற்றவர் மார்க்கத்திற்கு இழுக்கவில்லை. நவாபையும் அவன் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு வழக்கும் துணை நிற்கிறது. தேசிங்கின் இளம் மனைவி கணவனோடு தீயில் மாய்ந்தாள் என்றும், அவள் நினைவாகவே சாதத்துல்லாகான் இராணிப்பேட்டையை அமைத்தார் என்றும் சொல்வர். பகைவன் வீட்டுப் பெண்ணின் பெயரால் ஊர் அமைத்தவர் என்று ஒருவரைப் பற்றி மக்கள் சொல்லத் துணிந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆயினும் உடன்கட்டை ஏறியதை வீரமென்று போற்றியதும் அதே மக்கள் வாய்தான் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. ஊர் நடும் கல்லெல்லாம் நாம் தொழத் தக்கதன்று என்பது நமக்கு எவரும் கற்பிக்க வேண்டிய பாடம் அன்று.

இக்கதை 1960இல் திரைப்படமாக வந்தது. எம்.ஜி.ஆர். அதில் இரட்டை வேடம் ஏற்றார். ஒன்று தேசிங்கு, மற்றொன்று தாவூத்கான். இரு மார்க்கத்தாருக்கும் ஒரே முகம்! அக்காலத்துக் கொட்டகைகளில் அதற்குக் கிடைத்த கைத்தட்டலை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததே. என்றாலும் முகம் வேறு, குலம் வேறு, மார்க்கம் வேறு என்று இருந்தும் ஒருவனுக்காக ஒருவன் வந்தான் என்பதல்லவா பழைய கதையின் உயிர்? ஒரே முகமாகிவிட்டால் அங்கே தோழமைக்கு வேலை என்ன?

அடுத்து நம் வாசலுக்கே வருவோம். 1781ஆம் ஆண்டு. ஹைதர் அலியின் படை சிதம்பரம் நடராசர் கோயிலை அரணாக்கிக் கொண்டிருந்தது. கடலூரிலிருந்து புறப்பட்ட ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் ஜூன் 18ஆம் நாள் அதைத் தாக்கினார். தோற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். விரைந்து வந்த ஹைதர் கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே வழியை மறித்தார். ஜூலை 1ஆம் நாள் நடந்த போரில் கூட் வென்றார். ஆங்கிலேயரிடம் எட்டாயிரம் பேருக்குச் சற்று மேல். ஹைதரிடம் அதனினும் பன்மடங்கு. சென்னையில் கும்பினியார் ஆட்சியைக் காத்த போர் என்று ஆங்கில வரலாற்றாசிரியர்கள் இதை எழுதுவர்.

இப்போரைப் பற்றி மேடைகளில் பேசும் நம்மவர் சிலர், முஸ்லிம் மன்னர் கோயிலைக் காத்தார் என்று முழங்குவதுண்டு. மறுபக்கத்தில் சிலர், கோயிலைப் படைக்கொட்டிலாக்கினார் என்று குற்றம் சாற்றுவதுண்டு. இரண்டுமே ஹைதரின் மனத்தில் இருந்தவை அல்ல. உயர்ந்த மதில், உறுதியான கோபுரம், உள்ளே தண்ணீர். படைத்தலைவன் தேடுவது அதைத்தான். கும்பினியாரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ்நாட்டுக் கோயில்களை இவ்வாறே கோட்டைகளாகப் பயன்படுத்தினர். ஹைதரின் படையில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். கூட்டின் படையிலும் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்களே. அதிலும் இரு மார்க்கத்தாரும் இருந்தனர். சிதம்பரத்து மதிலடியில் விழுந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள்.

அவர்களுக்குக் கல் எங்கே? போருக்குக் கல் உண்டு, அது லண்டனில் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கிழக்கிந்தியக் கும்பினி கூட்டுக்கு எழுப்பிய பெரிய பளிங்கு நினைவுச் சின்னம் அது. வெற்றித் தெய்வம் ஒருபுறம் நிற்க, கைகள் கட்டப்பட்ட இந்தியக் கைதி ஒருவன் தலைகவிழ்ந்து அமர்ந்திருப்பான். நம் கடற்கரை மணலில் நடந்த போர் அங்கே நின்று பார்ப்பவனுக்கு இப்படித்தான் தெரியும். கல் நடுபவன் தன்னை நிமிர்த்தியும் பிறனைக் குனிவித்தும் செதுக்குகிறான். நாம் நடும்போது மட்டும் வேறுவிதமாகச் செய்வோமா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ் முஸ்லிம் புலவர்கள் என்ன செய்தனர்? படைப்போர் என்றொரு இலக்கிய வகையையே அவர்கள் தமிழுக்குத் தந்தனர். அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போரும், குஞ்சு மூசுப் புலவரின் செய்யிதத்துப் படைப்போரும் நம் பாட்டிமார் காலத்தில் இரவு விளக்கொளியில் இராகத்தோடு பாடிக் கேட்கப்பட்டவை. செய்யிதத்துப் படைப்போரின் தலைமை மாந்தர் ஒரு பெண். சைத்தூன் கிஸ்ஸாவிலும் வாளேந்திக் களம் புகுபவள் பெண்ணே. படிப்பறியாதவர் என்று நாம் எண்ணும் அந்தப் பாட்டிமார் எத்தகைய பெண்களின் கதையை விரும்பிக் கேட்டார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. வரலாற்று ஆதாரமில்லாத கற்பனைகள் இவற்றில் மிகுதி என்று ஆலிம்கள் எச்சரித்திருக்கிறார்கள், அவ்வெச்சரிக்கை நியாயமானதே. ஆதாரமான வரலாறு என்று இவற்றைக் கொள்ளலாகாது. அக்கால மக்கள் ஏங்கியது எதற்கு என்பதற்கு இவை ஆதாரம்.

அவ்வேக்கம் ஒருவரை எவ்வாறு மாற்றிவிடும் என்பதற்கு, சைத்தூன் கிஸ்ஸாவின் நாயகர் முகம்மது ஹனீபாவே எடுத்துக்காட்டு. அவர் அலி (ரலி) அவர்களின் மைந்தர். ஜமல் போரில் தந்தையின் கொடியைத் தாங்கியவர். ஆனால் பிற்காலத்தில் முஸ்லிம்கள் இரு பிரிவாகி ஆட்சிக்குப் போரிட்டபோது, எப்பக்கமும் வாளெடுக்காமல் ஒதுங்கி நின்றவர் என்பதே வரலாறு அவருக்குத் தரும் தனிச்சிறப்பு. கதைகளோ ஒதுங்கி நின்றதை விட்டுவிட்டு வாளை மட்டும் எடுத்துக்கொண்டன. தமிழில் மட்டுமன்று, மலாய் மொழியிலும் அவருடைய வீரக் கதை புகழ்பெற்றது. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்திய இரவில், வீரர்கள் உளம் உறுதிபெற அக்கதையைப் படிக்கக் கேட்டார்கள் என்று மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. நம் கடற்கரையின் மரக்கலங்கள் சென்று வந்த ஊர் மலாக்கா. உயிரைப் பணயம் வைக்கும் இரவில் மனிதனுக்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது, அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் சகோதரர் சண்டையில் வாளை உறையிலேயே வைத்திருக்க எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! வலிமையை மற்போர்க் களத்திலிருந்து எடுத்துச் சினத்தை அடக்கும் நெஞ்சில் வைத்துக் காட்டிய நபி (ஸல்) அவர்களின் விளக்கத்தை அறிந்த சமுதாயத்தில், அந்த ஒதுங்கலைப் பாட ஒரு புலவர் இல்லாமற் போனாரே என்பது என் குறை.

இனி, இவை எல்லாவற்றையும்விட நமக்கு நெருங்கிய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலை அம்மாள். அவருடைய கதை ஒரு சிலையில் தொடங்குகிறது.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1861இல் ஒரு சிலை எழுப்பப்பட்டது. கர்னல் நீல் என்பவருடையது. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்கச் சென்னைப் படைப்பிரிவோடு வடக்கே சென்று, அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமையான தண்டனைகளை நிறைவேற்றி, இலட்சுமணபுரியில் மடிந்தவர். தூக்கிலிடப்பட்டோரில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். அங்கே கொலைகாரர், இங்கே, மக்கள் நடமாடும் பெருஞ்சாலையில், பீடமேறிய வீரர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சிலையைத் தினமும் கடந்து சென்ற ஆயிரக்கணக்கானோருக்கு அது ஒரு பொம்மை, அவ்வளவே. 1927இல் சில இளைஞர்கள் அது எவருடையது என்று கேட்டனர். அச்சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் எழுந்தது. கடலூரிலிருந்து சென்று அதில் சிறை புகுந்தவர் அஞ்சலை அம்மாள். சிறுமியான தம் மகளையும் உடன் அழைத்துச் சென்றார். அம்மகளுக்குக் காந்தியடிகள் லீலாவதி என்று பெயர் சூட்டினார். இராஜாஜி அமைச்சரவை 1937இல் சிலையைச் சாலையிலிருந்து அகற்றி அருங்காட்சியகத்தில் வைத்தது. உடைக்காமல் அங்கே வைத்தது நல்லதே. வீரனாக நின்றவர் அங்கே வரலாற்றுப் பொருளாக நிற்கிறார்.

பின்னர் அஞ்சலை அம்மாள் கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்றார். பேறுகாலத்திற்காக வெளியே விடப்பட்டு, பெற்ற குழந்தையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பினார். அப்பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பெயர். வீட்டையும் நிலத்தையும் விடுதலைப் போருக்காக இழந்தார். 1934இல் காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது, அவரைச் சந்திக்க அஞ்சலை அம்மாளுக்கு அரசு தடை விதித்தது. அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து காந்தியடிகளைச் சந்தித்தார் என்பது கடலூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதுகண்ட காந்தியடிகள் அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று அழைத்தார்.

பட்டம் உயர்ந்ததுதான். ஆனால் அதன் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஜான்சி ராணி குதிரைமேல் இருந்து வாள் சுழற்றியவர். அஞ்சலை அம்மாள் வாளைத் தொட்டவர் அல்லர். பச்சிளம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம் கால்களாலேயே சிறைக்குள் திரும்ப நடந்தவர். அந்த நடைக்கு நம்மிடம் பெயர் இல்லை. ஆகவே வடக்கிலிருந்து ஒரு குதிரையையும் வாளையும் இரவல் வாங்கி அவருக்குச் சூட்டினோம். காந்தியடிகளுக்கே அந்த அச்சு தேவைப்பட்டது என்றால் மற்றவரைப் பற்றிக் கூறுவானேன்? 1937 முதல் மும்முறை சட்டமன்றம் சென்று, 1961இல் மறைந்த அவரை நெடுங்காலம் கடலூருக்கு வெளியே அறிந்தோர் மிகச் சிலர். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி அருகே நடந்த ஒரு புதிய கட்சியின் மாநாட்டில் அவருடைய பேருருவப் படம் நின்றது. உடனே தமிழகமெங்கும் அவர் யார் என்று தேடினார்கள். கல் நடும் வேலையை இன்று கட்சிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எவர் நட்டாலும் அம்மையாருக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

தாய்மார்களே, அந்தப் பர்தாவைப் பற்றி ஒரு சொல். கடலூர்க் கதையைச் சொல்வோர் அனைவரும் அவர் பர்தாவில் வந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வர். அந்தப் பர்தா யாருடையது என்று கேட்பவர் எவருமில்லை. தடையை மீறி நடக்கவிருந்த ஒரு செயலுக்கு, போலீசார் காவல் நின்ற நாளில், தன் உடையைக் கழற்றிக் கொடுத்தோ பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தோ ஒருத்தி உதவியிருக்க வேண்டும் அல்லவா? பிடிபட்டிருந்தால் அவள் வீட்டு ஆண்களுக்கு என்ன நேர்ந்திருக்கும்? கதையில் அவளுக்கு ஒரு வரி இல்லை. வீரக் கதைகள் ஒருவரை உயர்த்துவதற்காக அவரைச் சூழ நின்றோரை இருளில் விட்டுவிடுகின்றன. பொய் சொல்வதைவிட இதுவே அவற்றின் பெரிய குறை என்பேன்.

இருளில் விடுவது எப்போதும் மறதியால் மட்டும் நிகழ்வதன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழக வாயிலில் மாணவர் இராசேந்திரனின் சிலை இருக்கிறது. 1965 ஜனவரி 27இல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலமாக வந்த மாணவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தவர். சிலைக்குத் தகுதியானவரே. அதே பல்கலைக்கழகத்தில் 1971இல் முதலமைச்சருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியதையொட்டி எழுந்த கிளர்ச்சியில் உதயகுமார் என்னும் மாணவர் இறந்தார். கிடைத்த உடல் தம் மகனுடையது அன்று என்று அவர் தந்தையே கூறும் நிலை வந்தது. ஆறாண்டு இடைவெளியில் ஒரே வளாகத்தில் இரு மாணவர்கள். முன்னவர் இறந்தபோது எதிர்க்கட்சியாக இருந்தோர், பின்னவர் இறந்தபோது ஆளுங்கட்சி. இதற்குமேல் இந்த மேடையில் நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே எல்லாக் கட்சியினரும் அமர்ந்திருக்கிறீர்கள்.

சிலை வைப்பது நம் மரபன்று, ஆகையால் இவையெல்லாம் நமக்குப் பொருந்தா என்று எவரேனும் எண்ணக்கூடும். நாமும் பெயர் பொறிப்பவர்களே. பள்ளிவாசல் முகப்பில் பளிங்குக் கல்வெட்டு உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு. மின்விசிறியின் இறக்கையில்கூட அன்பளித்தவர் பெயர் எழுதப்படுகிறது. விசிறி சுழலும்போது எவராலும் அதைப் படிக்க இயலாது. மின்சாரம் நின்று புழுங்கும்போதுதான் வள்ளலின் பெயர் கண்ணில் படும்! கொடுத்தவரைக் குறைகூறவில்லை. ஈகையும் பெருமிதம் என்று முன்னரே சொன்னேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் பொங்கியதை மறந்தவர் இங்கே இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ககன்தீப்சிங் பேடி அவர்களின் உழைப்பு நாடறிந்தது, அப்புகழ் அவருக்கு உரியதே. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றியிருந்த மீனவக் குப்பங்களின் மக்களை அழைத்து வந்து தங்க வைத்து, நாள்தோறும் உணவளித்தார்கள். உடல்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்வதிலும் துணை நின்றார்கள். ஜமாஅத் என்னும் பெயர் அறிக்கைகளில் ஏறியது. அடுப்படியில் நின்று அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டிய பெண்களின் பெயர் எதிலும் ஏறவில்லை. மூன்று நாள் நீரில் கிடந்த உடலைத் தூக்கியவன் அதன்பின் பல நாள் உணவு கொள்ள முடியாமல் இருந்திருப்பான். அவன் பெயரும் ஏறவில்லை. அக்காலத்து இளைஞர்களுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. பெண்களில் மூத்தவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் பிரிந்து வருகிறார்கள்.

நிர்வாகக் குழுவிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு மலரில் வரவு செலவுக் கணக்கிற்கும் விளம்பரப் பக்கங்களுக்கும் நடுவே நான்கு பக்கங்களை ஒதுக்குங்கள். மதரஸாவில் மேல்வகுப்பு ஓதும் பிள்ளைகளில் ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேரிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீடு வீடாக அனுப்புங்கள். சுனாமியில் யார் சமைத்தார்கள், யார் தோணி விட்டார்கள், யார் வீட்டில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். குப்பத்து மக்களிடமும் சென்று கேட்கட்டும். நாம் செய்ததை நாமே சொல்வதைவிடப் பெற்றவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். அவர்கள் நமக்குச் செய்தவையும் அப்போது தெரியவரும். பெயர் வேண்டாம் என்று சொல்பவர்களின் பெயரை விட்டுவிடலாம், செயலை மட்டும் எழுதலாம். பிழை திருத்தும் வேலையை இந்த ஓய்வுபெற்ற ஆசிரியன் ஏற்றுக்கொள்கிறேன். ரமலானுக்கு முன் தொடங்கினால் நல்லது, நோன்புக் காலத்தில் பிள்ளைகளால் அலைய முடியாது.